ஆயிரம் பேரில் அந்த ஒருவர்

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நீளமான பற்றுவரவு நோட்டு ஒன்று கிடக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். பெயர், தெரு, வாங்கிய சரக்கு, கொடுத்த பணம், நிலுவை எல்லாம் அதில் இருக்கின்றன.

கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்போம். முதல் கேள்வி: "46ஆம் பக்கத்தில் யாருடைய கணக்கு இருக்கிறது?" நோட்டைப் புரட்டிய மாத்திரத்தில் விடை கிடைத்துவிடும். இரண்டாவது கேள்வி: "தெற்குத் தெருவில் குடியிருப்பவர்களில், மூன்று மாதமாக நல்லெண்ணெய் வாங்காதவர்கள் யார் யார்?" இதற்கும் விடை அதே நோட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டும். 200 வாடிக்கையாளர்கள் என்றால் ஒரு மாலைப்பொழுது போதும். 2 இலட்சம் பேர் என்றால் என்ன செய்வது?

இன்று வங்கியும் எரிவாயு நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களிடையே இத்தகைய கேள்விகளைக் கேட்டு, நொடிப் பொழுதில் விடை பெறுகின்றன. இந்த ஆற்றல் ஒரே நாளில் வந்ததன்று. கணிப்பொறி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, காகிதத்தையும் கத்தரியையும் ஊசியையும் வைத்துக்கொண்டு மனிதர்கள் இதற்கு வழி தேடத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

நோட்டு உதிர்ந்து அட்டையானது

கட்டுத் தைத்த நோட்டில் ஒரு குறை உண்டு. எந்த வரிசையில் எழுதினோமோ அந்த வரிசை மாறாது. நடுவில் ஒரு பெயரைச் செருகவும் முடியாது. தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இந்தத் தொல்லையை நன்கு அறிந்தவர். புதிய உயிரினங்கள் நாள்தோறும் வந்து குவிந்ததால், தம் பிற்காலத்தில் அவர் ஒவ்வொரு தகவலையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, வேண்டியபடி மாற்றி அடுக்கும் முறையைக் கைக்கொண்டார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, மடங்களிலிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் பறிமுதல் செய்யப்பட்ட நூல்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டி வந்தது. 1791இல் வெளியிடப்பட்ட விதிகளின்படி அதற்குப் பயன்படுத்தப்பட்டவை சீட்டாட்டச் சீட்டுகள்! அக்காலச் சீட்டுகளின் பின்புறம் வெறுமையாக இருந்தது, தாளும் கெட்டியானது. எழுதவும் அடுக்கவும் இதைவிட வசதியான பொருள் வேறு ஏது?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி தொடங்கிய நிறுவனம் நூலகங்களுக்கு அட்டைகளையும் இழுப்பறைப் பெட்டிகளையும் செய்து விற்றது. விரைவிலேயே வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அவற்றை வாங்கத் தொடங்கின. நூலுக்கு ஓர் அட்டை என்றிருந்தது, வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை என்றாயிற்று.

ஆனாலும் பாதிச் சிக்கல்தான் தீர்ந்தது. பெயர் வரிசையில் அடுக்கிய அட்டைகளில் பெயரைச் சுலபமாகத் தேடலாம். ஊரைத் தேட வேண்டுமானால்? ஊர் வரிசையில் இன்னொரு கட்டு எழுத வேண்டும். சரக்கு வாரியாகத் தேட மூன்றாவது கட்டு. ஒருவர் வீடு மாறினால் மூன்று கட்டிலும் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்த மறந்தால், ஒரே மனிதர் இரண்டு ஊரில் வாழத் தொடங்கிவிடுவார்!

ஓட்டைகள் பேசிய கதை

அமெரிக்காவில் 1880இல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க 7 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அப்பணியில் ஈடுபட்டிருந்த ஹெர்மன் ஹாலெரித் என்ற இளம் பொறியியலாளர் இதற்கு மாற்று வழியைச் சிந்தித்தார். இரயிலில் அவர் கண்ட காட்சி ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. அந்நாளில் சில இரயில் சீட்டுகளில் பயணியின் அடையாளங்களைக் குறிக்கக் கட்டங்கள் இருந்தன. தலைமுடியின் நிறம், கண்ணின் நிறம் முதலியவற்றுக்குரிய இடங்களில் நடத்துநர் துளையிடுவார். ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்தாமல் தடுக்கும் உபாயம் அது.

ஒவ்வொரு மனிதருக்கும் இப்படி ஒரு சீட்டுப் போட்டால் என்ன என்று ஹாலெரித் எண்ணினார். 1889இல் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவியில் துளையிட்ட அட்டையை வைத்து, கைப்பிடியை அழுத்தினால், வரிசையாக உள்ள கம்பி முனைகள் கீழே இறங்கும். துளை இருக்கும் இடத்தில் மட்டும் கம்பி உள்ளே நுழைந்து, அடியில் உள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். மின்சுற்று முழுமை பெறும். மின்காந்தம் இயங்கி, முகப்பில் உள்ள முள் ஓர் எண் நகரும். அதே நேரத்தில் பக்கத்தில் உள்ள பெட்டியில் உரிய அறையின் மூடி தானாகத் திறந்துகொள்ளும். அட்டையை அதில் போட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுக்க வேண்டியதுதான்.

1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இவ்வாறு எண்ணப்பட்டார்கள். மொத்தத் தொகை சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. வேகத்தைவிட முக்கியமானது வேறொன்று. மின் இணைப்புகளை மாற்றி அமைத்தால், "வெளிநாட்டில் பிறந்தவர், ஆண், திருமணமானவர்" ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பவரை மட்டும் இயந்திரம் எண்ணும். பல நிபந்தனைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கேள்வியாகக் கேட்பது இயந்திரத்துக்குக் கைவந்துவிட்டது.

ஹாலெரித் 1896இல் தொடங்கிய நிறுவனம் 1911இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனமே 1924 முதல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது.

ஒரு பின்னல் ஊசி போதும்

ஹாலெரித் கருவி பெரிய அலுவலகங்களுக்கே கட்டுப்படியானது. சிறிய அலுவலகங்களுக்கு மின்சாரமே தேவைப்படாத முறை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1930களில் 'கீசார்ட்' என்ற பெயரில் அது விற்பனையாயிற்று. மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரே அளவுள்ள 30 அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா அட்டையிலும் மேல் ஓரத்தை ஒட்டி, ஒரே இடங்களில் எட்டுத் துளைகள் இடுங்கள். ஒரு மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டால், அட்டை தலைகீழாகிவிட்டதா என்பது பார்த்தவுடன் தெரியும். ஒவ்வோர் அட்டையிலும் வகுப்பில் உள்ள ஒருவருடைய பெயரை எழுதுங்கள். முதல் துளைக்குப் பொருள் "மிதிவண்டியில் வருபவர்". இரண்டாவது "மதியம் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வருபவர்". மூன்றாவது "கண்ணாடி அணிபவர்". இப்படியே பொருள் கொடுங்கள். ஒருவர் மிதிவண்டியில் வருபவரானால், அவர் அட்டையில் முதல் துளைக்கும் ஓரத்துக்கும் இடையிலுள்ள தாளைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். துளை இப்போது வாய் திறந்த பள்ளமாகிவிடும்.

அட்டைகளைக் கலைத்து ஒன்றாக அடுக்குங்கள். வரிசை தேவையே இல்லை. முதல் துளையில் பின்னல் ஊசியைச் செருகித் தூக்கி, இலேசாகக் குலுக்குங்கள். மிதிவண்டிக்காரர் அட்டைகள் மட்டும் பொலபொலவென்று உதிரும். மற்றவை ஊசியில் தொங்கும்.

உதிர்ந்தவற்றை மட்டும் அடுக்கி, மூன்றாவது துளையில் ஊசியைச் செருகினால் உதிர்பவர்கள், மிதிவண்டியில் வருபவரும் கண்ணாடி அணிபவரும் ஆவர். முதல் தடவை ஊசியில் தங்கியவற்றை மூன்றாவது துளையில் சலித்து, இரண்டு தடவையும் உதிர்ந்தவற்றைச் சேர்த்தால், மிதிவண்டியிலோ கண்ணாடியுடனோ வருபவர் எல்லாரும் கிடைப்பார்கள். இரண்டு தடவையும் ஊசியிலேயே தங்கியவர் இரண்டும் அல்லாதவர். 'உம்', 'அல்லது', 'அல்ல' என்ற இந்த மூன்று சொற்களையும் கணிதமாக்கியவர் ஜார்ஜ் பூல். அவருடைய நூல் 1854இல் வெளிவந்தது. இன்றைய கணிப்பொறியில் வாடிக்கையாளர்களைச் சலித்தெடுக்கும் சல்லடையும் இம்மூன்று சொற்களால் ஆனதே.

எண்களையும் இப்படிக் குறிக்கலாம். நான்கு துளைகளுக்கு 7, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்தால், 9 வரையுள்ள எந்த இலக்கத்தையும் அதிகம் போனால் இரண்டு வெட்டுகளில் எழுதிவிடலாம். 9க்கு 7உம் 2உம். 6க்கு 4உம் 2உம். சுழிக்கு வெட்டே இல்லை. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு 24 துளைகள் போதும்.

சென்னையிலிருந்து ஒரு சிந்தனை

ஒரே பொருளை எத்தனை கைப்பிடிகளால் பிடிக்கலாம் என்ற கேள்வியை ஆழமாக ஆராய்ந்தவர் நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். அதுவரை நூல்களை மரத்தின் கிளைகளைப்போல் பிரித்து, ஒரு நூலுக்கு ஒரு கிளை என்று ஒதுக்கி வந்தார்கள். இரங்கநாதனோ ஒரு நூலின் பொருளை, எதைப்பற்றி, எந்தச் செயல், எந்த இடம், எந்தக் காலம் என்பன போன்ற தனித்தனி முகங்களாகப் பிரித்து, பிறகு சேர்த்தார். இலண்டன் கடை ஒன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருள் இந்த எண்ணத்தைத் தூண்டியதாக அவரே கூறியிருக்கிறார். 1933இல் அவருடைய கோலன் பகுப்பு முறை வெளியாயிற்று.

கைபேசியில் துணி வாங்கும்போது விலை, நிறம், அளவு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து பட்டியலைச் சுருக்குகிறோம் அல்லவா? நூலகவியலார் இதனைக் குறிக்க ஆளும் 'முகம்' என்ற சொல்லும் கருத்தும் இரங்கநாதன் வழி வந்தவை.

இலட்சுமி எத்தனை இலட்சுமி?

துளையும் வெட்டும் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், பெயரைப் பலவிதமாக எழுதினால் தேடல் பொய்த்துவிடும். இதற்கு அமெரிக்கரான ராபர்ட் ரசல் 1918இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். 'சவுண்டெக்ஸ்' என்று அழைக்கப்பட்ட அம்முறை, எழுத்தை விட்டு ஒலியைப் பிடித்தது. பின்னாளில் நிலைபெற்ற வடிவம் இதுதான்: ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்க. உயிரெழுத்துகளை நீக்குக. ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் தருக. அதே எண் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்குக. மொத்தம் ஓர் எழுத்தும் மூன்று எண்களும் போதும். எண் குறைந்தால் சுழியால் நிரப்புக.

1935இல் அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழி செய்யும் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்று இல்லாதவர்கள் வயதை மெய்ப்பிக்கப் பழைய மக்கள் தொகை ஏடுகளை நாட வேண்டியிருந்தது. 1880ஆம் ஆண்டு ஏடுகளில் 10 வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைகள் இருந்த குடும்பங்களுக்கு, இம்முறையில் அட்டைகள் எழுதப்பட்டன. பெயரை எழுத்துப் பிசகாகக் குறித்திருந்தாலும் முதியவர் தம் குழந்தைப் பருவத்தைக் கண்டுபிடிக்க அவை உதவின.

நம் பெயர்களுக்கு இது எப்படி? இலட்சுமியை ஆங்கிலத்தில் நடுவே 'கே எஸ் எச்' இட்டு எழுதினாலும், 'எக்ஸ்' இட்டு எழுதினாலும் 'எல் 250' என்றே வரும். நன்று. ஆனால் 'லட்சுமி' என்ற உச்சரிப்புக்கு ஏற்ப 'டி சி எச்' இட்டு எழுதினால் 'எல் 325' ஆகிவிடும். கணேசனைச் சிலர் 'ஜி' இட்டும் சிலர் 'கே' இட்டும் தொடங்குவர். இரண்டும் ஒரே தொகுதி எழுத்துகள்தாம். ஆயினும் முதல் எழுத்தை மாற்றாமல் வைப்பது விதி. எனவே ஒரு கணேசன் 'ஜி 525', மற்றவர் 'கே 525'. தமிழில் ஒரே 'க'வில் தொடங்கும் பெயர் அங்கே இரண்டு பெட்டிகளில் போய் விழுகிறது. சல்லடையைச் செய்தவர் எந்த ஊர்த் தானியத்தை மனத்தில் வைத்துச் செய்தாரோ, அதற்கே அது பொருந்தும்.

கணிப்பொறி வந்த பிறகு

தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் பதிவுகள் காந்த நாடாவில் இருந்தன. நடுவில் உள்ள ஒரு பதிவைப் படிக்க நாடாவை அதுவரை ஓட்ட வேண்டும். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட 'ராமாக்' இந்த நிலையை மாற்றியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவற்றில் 50 இலட்சம் எழுத்துகளைப் பதியலாம். படிக்கும் முனை நேராகத் தேவையான இடத்துக்கே சென்றது.

ஆனால் எந்த இடம் என்று எப்படித் தெரியும்? அகரவரிசையில் உள்ள 10 இலட்சம் பெயர்களை நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்துக்கொண்டே போனால், 20 தடவைக்குள் எந்தப் பெயரையும் எட்டிவிடலாம். 1970இல் போயிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பேயரும் மெக்கிரைட்டும் இதை மேலும் சுருக்கினார்கள். அவர்கள் வகுத்த 'பி-மரம்' ஒவ்வொரு படியிலும் இரண்டாக அல்ல, நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியக்கூடியது. ஒரு படிக்கு 100 கிளை என்றால் மூன்றே படிகளில் 10 இலட்சம் பதிவுகள் அடங்கிவிடும். பெயருக்கு ஒரு மரம், ஊருக்கு ஒரு மரம் என்று எத்தனையும் வளர்க்கலாம். ஆளின் பதிவு மட்டும் ஒன்றே. அட்டைக் காலத்து மூன்று கட்டுத் தொல்லை ஒழிந்தது.

அதே 1970இல், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை இன்னொரு வாயிலைத் திறந்தது. அதுவரை, பதிவு எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்த நிரலாளர்தான் கேள்வி கேட்க முடியும். எல்லாத் தகவலையும் எளிய அட்டவணைகளாக வைத்துவிட்டால், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றார் காட். 1974இல் சேம்பர்லினும் பாய்சும் இதற்கென ஒரு கேள்வி மொழியை வகுத்தனர். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் எஸ்.க்யூ.எல். "வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து பெயர்களைக் கொடு, ஊர் மதுரை, நிலுவை 500க்கு மேல்" என்று கேட்பதுபோலவே அதன் வாக்கியங்கள் அமையும்.

இங்கே ஒரு வலை விரிந்திருக்கிறது. ஆயிரம் வாடிக்கையாளரில் மதுரைக்காரர் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். "மதுரை அல்லாதவர்" என்று கேட்டால் 400 பேர் வர வேண்டும் அல்லவா? 350 பேர்தான் வருகிறார்கள். மீதி 50 பேர் எங்கே? அவர்களுடைய ஊர் எழுதப்படவே இல்லை. எழுதாத ஊர் மதுரையா அல்லவா என்று அந்த மொழியால் துணிந்து சொல்ல இயலாது. ஆகவே அவர்களை இரண்டு பட்டியலிலும் விட்டுவிடுகிறது. நம் பின்னல் ஊசி முறையிலோ இதற்கு நேர்மாறு: ஊர் தெரியாதவர் அட்டையில் வெட்டு இராது, அவர் ஊசியில் தங்கி, மதுரை அல்லாதவர் ஆகிவிடுவார். ஒரு கருவி அவரை மறைக்கிறது. மற்றொன்று அவரைப்பற்றிப் பொய் சொல்கிறது. நிவாரணப் பட்டியலோ உதவித்தொகைப் பட்டியலோ எடுக்கும்போது, இந்த 50 பேர் மனிதர்கள் என்பதை மறக்கலாகாது.

தீ வைக்கப்பட்ட அட்டைகள்

விடுபடுவதில் துன்பம் உண்டு என்று கண்டோம். அகப்படுவதிலும் உண்டு. நெதர்லாந்து நாட்டில் மக்கள் பதிவேடு மிகச் சீராகப் பேணப்பட்டு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் சமயத்தைக் குறிக்க ஒரு கட்டம். யாருக்கும் தீங்கு செய்யும் நோக்கத்தில் அக்கட்டம் வைக்கப்படவில்லை. 1940இல் நாஜி ஜெர்மனி அந்நாட்டைக் கைப்பற்றியது. 1941 ஜனவரியில் யூதர்கள் அனைவரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. சீரான அட்டைகள் ஒரு கேள்விக்குத் தவறாமல் விடை சொல்லின.

1943 மார்ச் 27ஆம் நாள் இரவு, ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் போலீஸ் உடையணிந்து விடுதலைப் போராளிகள் சிலர் நுழைந்தார்கள். ஓவியர் வில்லெம் அரொண்டேயுஸ் அவர்களுள் ஒருவர். காவலர்களை மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்திவிட்டு, அட்டைகளைக் குவித்து வெடி வைத்தார்கள். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே தாமதித்து வந்து, தேவைக்கு மேல் நீரைக் கொட்டினார்கள். எரியாத அட்டைகள் நனைந்தன. ஆயினும் ஒரு பகுதியே அழிந்தது. அரொண்டேயுஸ் உள்ளிட்ட 12 பேர் அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெதர்லாந்தில் வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போர் முடிவதற்குள் மாண்டனர். அட்டைகள் மட்டுமே அதற்குக் காரணமல்ல. ஆனால் அட்டைகள் இல்லாமல் அத்தனை பேரை அவ்வளவு விரைவாகத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

இந்தப் பாடத்தின் எதிரொலியைப் பிற்காலச் சட்டங்களில் கேட்கலாம். சொன்ன நோக்கத்துக்கு வேண்டிய தகவலை மட்டும் திரட்டுக, வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தாதே என்பது 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டத்தின் அடிப்படை. நம் நாடாளுமன்றமும் 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் இயற்றியது.

மளிகைக் கடைக்குத் திரும்புவோம். அந்தக் கடைக்காரரும் நாளை ஒரு கணிப்பொறி வாங்குவார். வாடிக்கையாளருக்கு என்னென்ன கட்டம் வைப்பது என்று உங்களையே கேட்கலாம். பெயர், தெரு, தொலைபேசி எண், நிலுவை என்று சொல்வீர்கள். அவர் இன்னும் ஒரு கட்டம் வைக்கலாமா என்று கேட்டால், மூன்று விஷயங்களை யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை வைத்து எந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார்? அது காலியாக உள்ளவர்கள் எந்தப் பட்டியலில் சேர்வார்கள்? நோட்டு நாளை வேறொருவர் கைக்குப் போனால், அவர் அதே கட்டத்தை வைத்து என்ன கேட்பார்?